பூஜை மேசையில் பூட்டாமல் வைத்த மடிக்கணினி

1. ஆயுத பூஜை அன்று காலை, கம்பெனியின் பன்னிரண்டு சர்வர்களுக்கும் ஒரே சமயத்தில் புதுப்பிப்புகளைப் போட ஆரம்பித்தேன்.
2. வேலை பாதியில் ஓடிக்கொண்டிருந்தபோது என் மடிக்கணினியைப் பூஜை மேசையில் வைத்துச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். திரையை நான் பூட்டவில்லை.
3. அந்த இடைவேளையில், பேண்டேஜைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் சர்வரில் ஒரு கோப்புக்குள் இருந்த முப்பது என்ற எண் இருபது ஆனது.
4. நான் எழுதிய பிளேபுக் என்ற தானியங்கி நிரல், தன் கடைசி வேலையாக, அந்த மாற்றத்தையும் சேர்த்து 'சரி' என்று பதிந்துகொண்டது.
5. அடுத்த ஏழு வாரமும் தினமும் காலையில் கண்காணிப்பு நிரலிடமிருந்து 'மாற்றம் ஏதுமில்லை' என்று எனக்கு மெயில் வந்தது.
6. வாங்கியவர்களின் சோதனையில் எங்கள் பேண்டேஜ் லாட் ஒன்று தோற்றது. கிருமி முழுதாக நீங்கவில்லை.
7. ஆட்டோகிளேவ் ஓட்டும் ஸ்டெல்லா அக்காவை சஸ்பெண்ட் செய்தார்கள்.

இந்தப் பட்டியலை நான் விசாரணைக்கு எழுதிக் கொடுத்தேன். பொது மேலாளர் படித்துவிட்டு, "இதுல மூணாவதையும் நாலாவதையும் எடுத்துட்டா ஒண்ணும் பிரச்சினை இல்லையேம்மா" என்றார். எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன என்று பாருங்கள். ஒரு பெண் டூட்டியில் இருந்தாள், துணி கெட்டது. அவ்வளவுதான் மிஞ்சும்.

வரும் வெள்ளிக்கிழமையோடு நான் இந்த வேலையை விடுகிறேன். மதுரையில் வேறு இடம் கிடைத்திருக்கிறது. கோபித்துக்கொண்டு போகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கோபம் உண்டு, போவதற்குக் காரணம் அதுவல்ல. என் இடத்துக்கு வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் கட்டளைகளையும் கடவுச்சொற்களையும் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். இது அந்தக் குறிப்பில் சேராத விஷயம்.

கண்காணிப்பு நிரல் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். முக்கியமான ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கைரேகை எடுத்துப் பட்டியலாக வைத்துக்கொள்ளும். தினமும் காலையில் மறுபடி கைரேகை எடுத்துப் பட்டியலோடு ஒப்பிடும். மாறியிருந்தால் சொல்லும். பன்னிரண்டு சர்வரிலும் இதைக் கையால் நிறுவி, கையால் பராமரித்து அலுத்துப்போய்த்தான் அன்சிபிள் என்ற மென்பொருளில் பிளேபுக் எழுதினேன். ஒரு கட்டளை கொடுத்தால் போதும், எல்லா சர்வரிலும் ஒரே மாதிரி நிறுவும், ஒரே மாதிரி ஓட்டும், ஒரே மாதிரி மெயில் அனுப்பும். அதில் எனக்கு அப்போது இருந்த பெருமையை நினைத்தால் இப்போது எரிச்சலாக இருக்கிறது.

எங்கள் கம்பெனி முழுதாக நிற்பது வருடத்தில் ஒரே ஒரு நாள், ஆயுத பூஜை. தறி நிற்கும், பாய்லர் அணையும், ஆட்டோகிளேவ் ஆறும். அதனால் வருடம் முழுக்கத் தள்ளிப்போட்ட புதுப்பிப்புகள் எல்லாம் அந்த ஒரு நாளில்தான் போகும். போன பிறகு கண்காணிப்பு நிரலை ஓட்டினால் நாலாயிரம் வரி வரும். இந்தக் கோப்பு மாறியது, அந்தக் கோப்பு மாறியது என்று. முதல் வருடம் அந்த மெயில் மேலாளர்கள் எல்லாருக்கும் போய்விட்டது. "பூஜை அன்னைக்கு இப்படி ஒரு மெயில் வரலாமா? வராம பண்ணும்மா" என்றார்கள். வராமல் பண்ணினேன். புதுப்பிப்பு முடிந்ததும் பழைய பட்டியலை அழித்துவிட்டுப் புதிதாகக் கைரேகை எடுத்து, இனி இதுதான் சரி என்று வைத்துக்கொள்ளும்படி பிளேபுக்கின் கடைசியில் இரண்டு வரி சேர்த்தேன். யாரையும் கேட்காமல், யாருக்கும் காட்டாமல். அந்த இரண்டு வரிதான் மேலே என் ஏழு வரிப் பட்டியலில் இருக்கும் நான்காவது.

இப்போது ஸ்டெல்லா அக்கா. சோழபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். ஆட்டோகிளேவ் என்கிற அந்தப் பெரிய இரும்புப் பெட்டிக்குள் பேண்டேஜ் சுருள்களை அடுக்கி, கதவை மூடி, புரோகிராம் எண்ணைத் தட்டுவார். எவ்வளவு நேரம் நீராவியில் வைக்க வேண்டும் என்பதை அவரால் மாற்ற முடியாது. பெட்டி அந்த நேரத்தை சர்வரில் உள்ள கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். முடிந்தால் மணி அடிக்கும், பச்சை விளக்கு எரியும். அவருக்குத் தெரிவது அவ்வளவுதான்.

பூஜை நாளிலும் பாய்லர் ஆறும்வரை யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். இங்கே அதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜை டூட்டிக்கு ஸ்டெல்லா அக்கா மாதிரி கிறிஸ்தவர்கள் பெயர் கொடுப்பார்கள், மற்றவர்கள் பூஜையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும் என்று. கிறிஸ்துமஸ் அன்று மற்றவர்கள் பெயர் கொடுப்பார்கள். யாரும் சுற்றறிக்கை போட்டு வந்ததில்லை. டூட்டி நோட்டில் அவரவரே எழுதிக்கொள்வது.

அன்றும் அக்கா பாய்லர் பக்கம் இருந்தார். நான் அலுவலக அறையில் பிளேபுக்கை ஓடவிட்டிருந்தேன். எலெக்ட்ரீஷியன் ஒரு தட்டோடு வந்து, "உங்க ஆயுதம் இதுதான? குடுங்க" என்றார். திரையைப் பூட்டினால் கணினி தூங்கிவிடும், வைஃபை அறுந்துவிடும், புதுப்பிப்பு பாதியில் நின்றால் சர்வர் எழுந்திருக்காது. அதனால் பூட்டாதபடியும் தூங்காதபடியும் மாற்றி வைத்திருந்தேன். எல்லா சர்வருக்கும் முழு அதிகாரத்தோடு திறந்திருந்த கணினியை அப்படியே தூக்கிக் கொடுத்தேன். ஸ்பேனர், திருப்புளி, தராசுக்கு நடுவில் அதற்கும் பொட்டு வைத்தார்கள். நான் பேக்கிங் ஹாலில் பொரி கொடுக்கப் போனேன். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்று யாரும் தொட மாட்டார்கள் என்பது என் பாதுகாப்பு ஏற்பாடு. சிரிக்காதீர்கள். நீங்களும் அதையே நம்பியிருப்பீர்கள்.

நாலு வாரம் கழித்து கேன்டீனில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, கம்ப்யூட்டர்ல ஏதும் மாத்தி வச்சிருக்கீகளா? பெட்டி சீக்கிரமே மணி அடிக்குதே."

"எம்புட்டு சீக்கிரம்க்கா?"

"முன்னால கதவை மூடிட்டு டீ குடிச்சுட்டு வந்தாலும் செத்த நேரம் நிக்கணும். இப்ப டீ ஆறதுக்குள்ள அடிச்சுருது. சூப்பர்வைசர்ட்ட கேட்டா, புது சாஃப்ட்வேரு அப்படித்தான்னு சொல்லுதாரு."

நான் போனை எடுத்து அன்று காலை மெயிலைக் காட்டினேன். "பாருங்கக்கா. மாற்றம் ஏதுமில்லைன்னு போட்டிருக்கு. தினமும் இதே தான் வருது."

"அப்ப டீயைத்தான் சூடாப் போடுதாக போல" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

பதினைந்து வருடம் அந்தப் பெட்டியோடு நின்ற ஒருவர் வந்து, நேரம் குறைந்திருக்கிறது என்று சொன்னார். நான் எழுந்து போய்க் கடிகாரம் வைத்துப் பார்க்கவில்லை. போனைக் காட்டினேன். இந்த ஒன்றுக்காக என் மேல் எனக்கு இருக்கும் கோபம், மற்றவர்கள் மேல் இருப்பதைவிடக் குறைவில்லை.

அதற்கு மூன்று வாரம் கழித்து லாட் திரும்பி வந்தது. அது காயத்தில் வைக்கிற துணி. அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு, பிரசவம் ஆனவர்களுக்கு வைக்கிற துணி. பூஜைக்குப் பிறகு போன எல்லா லாட்டுகளையும் திரும்பக் கேட்டோம். எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது என்று சொன்னார்கள். எனக்கு இன்றும் உறுதியாகத் தெரியாது.

பொது மேலாளர் அறையில் கூட்டம். உற்பத்தி மேலாளர்தான் அதிகம் பேசினார். "பெட்டியில பத்து நிமிசம் குறைச்சலா ஓடியிருக்கு சார். பூஜை அன்னைக்கு அந்த செக்சன்ல அந்தம்மா மட்டும்தான் ஒத்தையா இருந்துச்சு. பேனலைத் திறந்து எதையோ நோண்டியிருக்கு. சீக்கிரம் முடிஞ்சா சீக்கிரம் உக்காரலாம்ல."

"சர்வர்ல ஏதாவது மாறியிருக்காம்மா?" என்று பொது மேலாளர் என்னிடம் கேட்டார்.

கேள்விக்குப் பதில் தயாராக இருந்தது. ஏழு வாரத்து மெயில்களை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மாற்றம் ஏதுமில்லை, மாற்றம் ஏதுமில்லை என்று நாற்பத்தொன்பது தாள். அந்த விசாரணையில் அக்காவுக்கு எதிராக இருந்த ஒரே எழுத்துச் சாட்சி அதுதான். மற்றவர்களுக்காக ஒருவர் பார்த்துக் கொடுத்த டூட்டியையே அவருக்கு எதிரான குற்றமாக எழுதினார்கள். அதற்கு ஆதாரமாக என் தாள்களைக் குத்தி வைத்தார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா லாக்கர் சாவியை ஒப்படைக்க வந்தார். அழவில்லை. சாவியை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"நீ குடுத்த காயிதத்தை எனக்கும் காட்டுனாக. பூஜைக்கு மறுநாள்லருந்து தேதி போட்டிருக்கு. பூஜையிலருந்து மாறலங்கிற, சரி. பூஜைக்கு முந்தி என்ன இருந்துச்சு?"

அது, பொறியியல் படித்து, இதையே வேலையாகச் செய்கிற நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

பழைய பட்டியல் சர்வரில் இல்லை. அழித்ததே என் பிளேபுக்தான். ஆனால் ஒவ்வொரு பூஜைக்கும் முதல் நாள் அந்தப் பட்டியலை ஒரு டிவிடி தட்டில் எழுதி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் எங்கள் பதிவறைக்கு அனுப்புவது உண்டு. எப்போதோ தணிக்கைக்கு வந்த ஒருவர் கேட்டார் என்பதற்காக ஆரம்பித்து, ஏன் என்று மறந்துபோன வேலை. மறுநாள் பஸ் ஏறினேன்.

பதிவறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சி ஒரு பெரிய நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"பேரு, தேதி, எதுக்கு எடுக்கீக. மூணும் எழுதணும்."

"அண்ணாச்சி, இதை உங்களுக்கு அனுப்பினதே நான்தான்."

"அனுப்புனவுக எடுக்கக் கூடாதுன்னா சொன்னேன்? எழுதிட்டு எடுங்க."

மூன்றாவது கட்டத்தில் 'சரிபார்க்க' என்று எழுதினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "என்னத்தைச் சரிபாக்க? நாளைக்கு ஒருத்தர் வந்து கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

அடித்துவிட்டு எழுதினேன்: பூஜைக்கு முன் இருந்த கோப்புகள்தான் இப்போதும் இருக்கின்றனவா என்று சரிபார்க்க. அதன் பிறகுதான் பீரோவைத் திறந்தார். ஒரு தட்டை வெளியே எடுக்க இவ்வளவு கேட்கிறார்கள். பன்னிரண்டு சர்வரின் பட்டியலை மாற்றி வைக்க என் பிளேபுக் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அங்கேயே உட்கார்ந்து பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் ஒப்பிட்டேன். ஆட்டோகிளேவ் சர்வரில் மட்டும் நானூறு சொச்சம் வரி. புதுப்பிப்புகள் எந்தெந்தக் கோப்பைத் தொட்டன என்ற விவரம் சர்வரிலேயே உண்டு. அவற்றைக் கழித்தேன். மிஞ்சியது மூன்று வரி. இரண்டு, நானே மாற்றியவை. மூன்றாவது, பெட்டிக்கு நேரம் சொல்லும் கோப்பு. இதைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது. பூஜை அன்று மத்தியானமே அந்த இருபது நிமிடத்தைச் செலவழித்திருந்தால், விசாரணைக்கு எழுதிய என் ஏழு வரிப் பட்டியல் மூன்றாவது வரியோடு நின்றிருக்கும்.

கைரேகையை வைத்துக்கொண்டு கோப்புக்குள் என்ன இருந்தது என்று படிக்க முடியாது. மாறியது என்று மட்டும்தான் தெரியும். அதனால் இப்போதுள்ள கோப்பை நகலெடுத்து, இருபதை முப்பது என்று திருத்திக் கைரேகை எடுத்தேன். பூஜைக்கு முந்தின பட்டியலில் இருந்ததோடு ஓர் எழுத்து பிசகாமல் பொருந்தியது. வேறு எதுவும் மாறவில்லை. அந்த ஓர் எண் மட்டும்.

மாறிய நேரம் பகல் பதினொன்று ஐம்பத்திரண்டு. சர்வரின் பதிவில் அந்த நேரத்தில் உள்ளே இருந்தது ஒரே ஒருவர். என் கணக்கு, என் மடிக்கணினியிலிருந்து.

"கிடைச்சுதாம்மா?" என்றார் அண்ணாச்சி.

"கிடைச்சுது அண்ணாச்சி. என் மெஷின்லருந்துதான் மாத்தியிருக்கு."

"நீங்க மாத்துனீகளா?"

"இல்ல."

"அப்ப ரெண்டையும்லா எழுதணும்" என்று சொல்லிவிட்டு, தட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள நோட்டைத் திறந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் கணக்குப் போட்டதை மறைக்கப் போவதில்லை. இதை வெளியே சொன்னால் முதல் சந்தேகம் என் மேல். சொல்லாவிட்டால் யாரும் அந்தத் தட்டைத் தேடப் போவதில்லை. என் வேலை பத்திரம். அக்காவின் வேலை போய்விடும், பேண்டேஜைக் கெடுத்தவள் என்ற பெயரோடு. இந்த ஊரில் அந்தப் பெயரோடு அடுத்த கம்பெனியின் கேட்டைத் தாண்ட முடியாது. இங்கே சரியான முடிவு எது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பயம் மட்டும்தான் வந்தது. இரண்டும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ராஜபாளையம் வரும்வரை கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் பூஜைப் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தேன். மாலை போட்ட பாய்லர், பொட்டு வைத்த தராசு. பிறகு ஒரு படம். பூஜை மேசை முன்னால் நாற்காலியில் உற்பத்தி மேலாளர், நெற்றியில் விபூதி, இரண்டு கையும் என் மடிக்கணினியின் விசைகள் மேல். படத்தைப் போட்டவர் எலெக்ட்ரீஷியன். கீழே எழுதியிருந்தார்: "சார், சாமி முன்னால வச்சதை எடுத்து வேலை பாக்கீக. சரஸ்வதி கோவிச்சுக்கிடப் போறா." நேரம் பதினொன்று ஐம்பத்து நாலு. மேலாளர் சிரிக்கும் முகம் ஒன்றைப் பதிலாகப் போட்டிருந்தார். பூஜை அன்று யாரும் ஆயுதத்தைத் தொடுவதில்லை என்பதால்தான் தொட்டவர் கண்ணில் பட்டார்.

அந்தக் கோப்பை அவருக்கு நன்றாகத் தெரியும். பெட்டி வந்தபோது நேரங்களை உட்கார்ந்து எழுதியதே அவர்தான். பூஜைக்கு முந்தின மாதம் இரண்டு தடவை என்னிடம் வந்து, பத்து நிமிடம் குறைத்தால் ஷிஃப்டுக்கு ஒரு லோடு கூடுதலாக வைக்கலாம், மாற்றிக் கொடு என்று கேட்டார். தரப் பிரிவின் கையெழுத்து வேண்டும் என்றேன். வாங்கி வரவில்லை.

ஏழு வரிப் பட்டியலையும், இரண்டு கைரேகைகளையும், அந்தப் படத்தையும் அச்செடுத்து விசாரணை மேசையில் வைத்தேன். பொது மேலாளர் படத்தை மட்டும் கவிழ்த்து வைத்தார்.

"இது எதுக்கும்மா? ஏதோ பாட்டு போடப் போயிருப்பாரு. பூட்டாம வச்சது உன் தப்புதான?"

"ஆமா சார். பூட்டாதது என் தப்பு. பாக்காம சரின்னு பதிஞ்சதும் என் தப்பு. ரெண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஸ்டெல்லா அக்கா தப்பு என்னன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அவர் பேனாவை எடுத்தார். மூடி வைத்துவிட்டார்.

அதுவரை அவருக்கு இருந்த தைரியம் எல்லாம் வாய்வழியாகவே இருந்தது. கையெழுத்து என்றதும் நின்றுவிட்டது. எனக்கு அந்த அறையில் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. ஒருவரை வேலையை விட்டு நிறுத்தக் கையெழுத்துப் போட இவர்களுக்கு ஐந்து நிமிடம் ஆகவில்லை. காரணத்தை எழுதக் கை வரவில்லை.

பிளேபுக்கைத் திருத்தியிருக்கிறேன். பாருங்கள். உங்களிடம் மேலிருந்து வருவார்கள், மெயில் அதிகமாக வருகிறது, பழைய மாதிரி தானாகவே முடியும்படி செய்யுங்கள் என்பார்கள். இயந்திரம் கைரேகை எடுக்கட்டும், ஒப்பிடட்டும், மெயில் அனுப்பட்டும். 'இனி இதுதான் சரி' என்பதை மட்டும் அது சொல்லக் கூடாது. ஒரு ஆள் உட்கார்ந்து மிஞ்சிய வரிகளைப் படித்து, பெயர் எழுதிச் சொல்ல வேண்டும். பெட்டி சீக்கிரம் மணி அடிக்கிறது என்று யாராவது வந்து சொன்னால், தயவுசெய்து போனைக் காட்டாதீர்கள். எழுந்து போய்ப் பெட்டியைப் பாருங்கள்.

இப்போதைய நிலவரம்.

கோப்பில் எண் முப்பது. போன வாரம் கடிகாரம் வைத்தும் பார்த்தேன்.

பட்டியலை மாற்ற இரண்டு பேரின் பெயரும் காரணமும் வேண்டும். பழைய பட்டியல் அழிவதில்லை. தட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறது. அண்ணாச்சி நோட்டில் எழுதி வாங்குகிறார்.

எனக்கு ஒரு மெமோ. உற்பத்தி மேலாளர் அதே அறையில் இருக்கிறார், அவரை வாய்வழியாக எச்சரித்துவிட்டதாகச் சொன்னார்கள்.

ஸ்டெல்லா அக்காவின் சஸ்பென்ஷன் ஜனவரியில் நீங்கியது. கடிதத்தில் 'விசாரணை முடிந்தது' என்று மட்டும் இருந்தது. குற்றமில்லை என்று இல்லை, வருந்துகிறோம் என்றும் இல்லை. சஸ்பென்ஷனில் இருந்ததால் அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவருக்கு மாற்று ஆள் தேவைப்படவில்லை. இப்போது அதே பெட்டியில் முதல் ஷிஃப்ட் பார்க்கிறார். மணி அடித்ததும் எவ்வளவு நேரம் ஓடியது என்று ஒரு நோட்டில் எழுதுகிறார், யாரும் கேட்காமல்.

இந்த வருட ஆயுத பூஜைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பூஜை மேசைக்கு, மடிக்கணினிக்குப் பதிலாக, ஒரு பழைய மவுஸ் எடுத்து வைத்திருக்கிறேன். அன்றைக்குப் பாய்லர் பக்கம் இருக்க டூட்டி நோட்டில் இதுவரை ஒருவரும் பெயர் எழுதவில்லை.